முன்பணமும் விடுதலைச் சான்றும்

காஞ்சிபுரம் பட்டைப் பற்றி எழுத வருகிற யாரும் கோர்வையைச் சொல்லாமல் விடுவதில்லை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்கிறபோதே இரண்டையும் ஒன்றோடொன்று பின்னிவிடுகிற வேலைக்குக் கோர்வை என்று பெயர். இதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிற நெசவாளிக்கு இரண்டு கை போதாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும்.

அந்த இன்னொரு ஆள் யார்? ஒரு காலத்தில் வீட்டுப் பிள்ளை. தறி பெருகி, வியாபாரம் பெருகி, வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு கூலிப் பிள்ளை. சுற்றுப்பட்ட கிராமங்களின் சேரிகளிலிருந்தும், ஏழைக் குடியானவர் வீடுகளிலிருந்தும் வந்த பிள்ளை. ‘தொழில் பழகுறான்’ என்பார்கள் அவனைப் பற்றிக் கேட்டால். அவன் அப்பன் கையில் ஒரு தொகை கொடுக்கப்பட்டிருக்கும். அதற்கு முன்பணம் என்று பெயர். அந்தத் தொகை தீருகிற வரைக்கும் பையன் வேறு தறிக்குப் போகக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கும் போக முடியாது. கூலியில் பிடித்தம் போக மிச்சம் வீட்டுக்குக் காணாது. சீக்கு, சாவு, தங்கச்சி கல்யாணம் என்று மறுபடி அதே கையில் வாங்க வேண்டியிருக்கும். இப்படியே பையன் மீசை முளைத்து ஆளாகிவிடுவான்.

ஊர்வழக்கில் இது தொழில் பழகுவது. சட்டத்தில் இதற்கு வேறு பெயர். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி இது குற்றம்; முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டி வைத்தவன் குற்றவாளி; கட்டுண்டவன் குற்றத்தால் பாதிக்கப்பட்டவன். பாதிக்கப்பட்டவனுக்கு அரசு செய்ய வேண்டிய காரியங்கள் என்று ஒரு வரிசை உண்டு. மீட்பது, கடனை ரத்துச் செய்வது, கையில் பணம் கொடுப்பது, வீடு, நிலம், படிப்பு, வழக்குச் செலவு, பாதுகாப்பு. கொலை, வன்புணர்ச்சி, தீவைப்பு, சாதி வன்கொடுமை என்று எந்தக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இப்படி ஒரு வரிசை இன்று காகிதத்தில் இருக்கிறது. இந்தக் காகிதங்கள் எப்போது வந்தன, யார் பெயரை எழுதின, யார் பெயரை எழுதாமல் விட்டன என்பதைப் பார்க்க வேண்டும். நம் சனங்களுக்கு நிவாரணம் வந்து சேராததற்குக் கஜானா காலி என்பது காரணமாக இருந்ததில்லை. ‘இவன் பாதிக்கப்பட்டவன்’ என்று எழுதித் தர வேண்டிய கை எழுதாமல் இருந்ததுதான் காரணம் என்பது என் கட்சி.

முதலில் குற்றவாளி யார் என்பதிலேயே குழப்பம் செய்து வைத்தார்கள். 1843இல் கும்பினி அரசு ஒரு சட்டம் போட்டது. அடிமை என்று ஒருவன்மேல் உரிமை கோரினால் நீதிமன்றம் அதை ஏற்காது என்றது. 1860இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. இந்த இரண்டையும் அடிமை ஒழிப்பு என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் 1859இல் வந்த 13ஆம் சட்டத்தைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. வேலைக்காரர் ஒப்பந்த மீறல் சட்டம் அது. கல்கத்தாவின் வெள்ளைக்கார வியாபாரிகள் கேட்டு வாங்கியது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியை எசமான் மாஜிஸ்ட்ரேட்டிடம் இழுத்துக்கொண்டு போகலாம். பணத்தைக் கட்டு, இல்லாவிட்டால் வேலையைச் செய் என்று மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடுவார். மீறினால் மூன்று மாதம் வரை ஜெயில். முதலில் சென்னை முதலான மாகாணத் தலைநகரங்களுக்குப் போட்ட சட்டத்தைப் பிற பகுதிகளுக்கும் விரிக்க அதிலேயே வழி வைத்திருந்தார்கள். 1925இல் இதை நீக்கச் சட்டம் போட்டு 1926இல்தான் ஒழித்தார்கள்.

ஆக அறுபத்தைந்து ஆண்டுக்கும் மேலாகச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி யாரென்றால் முன்பணம் வாங்கியவன். பாதிக்கப்பட்டவர் முன்பணம் கொடுத்தவர். அவருக்குத்தான் சர்க்காரின் உதவி, மாஜிஸ்ட்ரேட், வாரண்ட், ஜெயில் எல்லாம். பாதிக்கப்பட்டோருக்கான சேவை என்று இந்த நாட்டில் முதன்முதலாக ஒழுங்காக நடந்தது இதுதான் என்று சொன்னால் கோபப்படக் கூடாது. சட்டம் ஒழிந்தது, சட்டம் கற்றுக் கொடுத்த நியாயம் ஒழியவில்லை. ‘பணத்த வாங்கிட்டு வேலைக்கு வரலன்னா என்னா அர்த்தம்?’ என்று இன்றைக்கும் காவல் நிலையத்தில் பையனின் அப்பனைத்தான் கேட்கிறார்கள். அது 1859இன் குரல்.

காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு தாலுக்கா. இந்த ஜில்லாவில் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். நிலமற்றவர்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணைகள் 1892இல் வந்தன. அதற்கு மூலம் இந்தக் குறிப்பு என்பதால் நாம் அதைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நிலத்தைப் பற்றி மட்டும் அவர் எழுதவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய சிறு கடனுக்காகப் படியாளாகக் கட்டுண்டு கிடக்கிற மனிதர்களைப் பற்றியும், குடியிருக்கிற மனை மிராசுதாரன் கையில் இருப்பதால் வாயைத் திறக்க முடியாதவர்களைப் பற்றியும் எழுதினார். கடன் ஒரு கயிறு, மனை இன்னொரு கயிறு. ஒன்றை அவிழ்த்தால் மற்றொன்றால் இழுப்பான். செங்கல்பட்டுப் பக்கத்தில் மிஷன் வேலை செய்த ஆடம் ஆண்ட்ரூ போன்றவர்களும் இதைப் பார்த்தவர்கள். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கியது இந்த மண்ணின் அனுபவத்தோடுதான்.

அரசு என்ன செய்தது? நிலம் தருகிறேன் என்றது. குற்றம் என்று சொல்லவில்லை. படியாளைக் கட்டி வைத்த மிராசுதாரன் எந்தத் தப்பும் செய்யவில்லை. படியாள் பாவம், அவனுக்கு உதவுவோம் என்ற நிலைப்பாடு. 1920 வாக்கில் தாழ்த்தப்பட்டோர் நலனைத் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் விட்டார்கள். மனைக்கட்டு வாங்கிக் கொடுத்தார்கள், கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். இதெல்லாம் நல்ல காரியங்களே. அந்த வழியில் வளர்ந்ததுதான் பிற்பாடு அரிசன நலத்துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும். ஆனால் ‘நலம்’ என்கிற சொல்லுக்குள் குற்றவாளி காணாமல் போய்விட்டான் என்பதைக் கவனிக்க வேண்டும். அடித்தவனில்லாமல் ஒரு காயம், பறித்தவனில்லாமல் ஒரு வறுமை. நமக்கு வருகிற எதுவும் இழப்பீடாக வருவதில்லை, உதவியாகவே வருகிறது. உதவிக்கு நன்றி சொல்ல வேண்டும். இழப்பீட்டுக்கு யாரும் நன்றி கேட்க முடியாது.

1950இல் அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. மீறுவோரைத் தண்டிக்கச் சட்டம் செய்யும் பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு இருந்தது. தில்லிக்கு அதற்கு இருபத்தைந்து வருடம் பிடித்தது. 1975 அக்டோபர் 25 அன்று நெருக்கடி நிலைக்கு நடுவில் அவசரச் சட்டமாக வந்து, மறு வருடம் சட்டமானது. எந்த நோக்கத்தில் வந்தாலும் அந்தச் சட்டத்தின் வாசகம் வலுவானது. கொத்தடிமைக் கடன் அந்தக் கணமே செத்துப்போகிறது (6ஆம் பிரிவு). குடியிருக்கிற மனையிலிருந்து வெளியேற்றக் கூடாது (8ஆம் பிரிவு, டிரமென்ஹீர் பார்த்த இரண்டாவது கயிறு இங்கே அறுகிறது). செத்த கடனுக்குப் பணம் வாங்குவதே குற்றம் (9ஆம் பிரிவு). எல்லாவற்றையும்விட முக்கியம் 15ஆம் பிரிவு. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அல்ல என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவன் பொறுப்பு. 1859ஐத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட பிரிவு இது.

நடைமுறையில் என்ன ஆனது? சட்டம் சொல்லாத ஒரு காகிதம் நடுவில் வந்து உட்கார்ந்தது. விடுதலைச் சான்று. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விசாரித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அது இருந்தால் கொத்தடிமை. இல்லாவிட்டால் வெறும் கூலி. மறுவாழ்வுத் திட்டம் 1978இல் தொடங்கியபோது தலைக்கு 4,000 ரூபாய் வரை. 1986இல் 6,250. 1995இல் 10,000. 2000இல் 20,000. எல்லாத் தொகையும் அந்தச் சான்றுக்குப் பின்னால்தான். சான்று கொடுத்தால் மாவட்டத்தில் கொத்தடிமை இருப்பதாக ஆகிவிடும். இருப்பதாக ஆனால் இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று மேலே கேட்பார்கள். அதனால் இல்லை என்று எழுதுவதே உத்தமம் என்று ஆபீஸ்களில் ஒரு ஞானம் வளர்ந்தது. உச்ச நீதிமன்றம் 1984இல் நீரஜா சௌத்ரி வழக்கில் தெளிவாகச் சொன்னது: அடையாளம் காண்பதும் மீட்பதும் மட்டும் போதாது, மறுவாழ்வு தராமல் விட்டால் மீட்கப்பட்டவன் பசியால் பழைய இடத்துக்கே போவான். அது மத்தியப் பிரதேச வழக்கு. தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் சிராஜ் சேட்டும் பெலிக்ஸ் சுகிர்தராஜும் 1995இல் கொடுத்த அறிக்கை, இந்த மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னது. மாநில அரசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. இருக்கிறார்களா இல்லையா என்ற தகராறிலேயே வருடங்கள் போயின. பையன்களுக்கு வயசு மட்டும் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

தறிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலியும் போடப்பட்டிருந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தடை செய்யப்பட்ட தொழில்களை அட்டவணை போட்டுச் சொன்னதோடு குடும்பத்தோடு சேர்ந்து செய்கிற வேலைக்கு விலக்கும் கொடுத்தது. காஞ்சிபுரத்தில் தறி இருக்கிற இடம் வீடு. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் திண்ணைக்கு உள்ளே நடை, நடைக்கு உள்ளே தறிக்குழி. அதிகாரி வந்தால் பையன் மருமகனாகிவிடுவான், அக்கா மகனாகிவிடுவான். சேரிப் பையனை ‘எங்க வூட்டுப் புள்ள’ என்று அந்தத் தெரு ஒப்புக்கொண்ட ஒரே நேரம் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற நேரம்தான். சோறு போடும்போது அந்த உறவு இருந்ததா என்று கேட்க வேண்டியதில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிற நெசவாளியும் பெரிய மனிதர் அல்ல. பட்டும் ஜரிகையும் கொடுக்கிற முதலாளியிடம் அவரும் முன்பணத்தில் கட்டுண்டவர். அந்தக் கட்டை அறுக்கத்தான் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. அறிஞர் அண்ணா பெயரிலும் காமாட்சியம்மன் பெயரிலும் முருகன் பெயரிலும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இங்கே இருக்கின்றன; பல நெசவாளிக் குடும்பங்கள் அவற்றால் நிமிர்ந்தன. ஆனால் சங்கம் தறிக்காரருக்கு. தறி இல்லாத கூலிக்கும், கூலிக்குக் கூலியான பிள்ளைக்கும் அதில் இடம் ஏது? முதலாளி நெசவாளியைக் கட்டினான், நெசவாளி பையனைக் கட்டினார். சங்கிலியின் கடைசி வளையம் எந்தத் தெருவில் முடிகிறது என்பதை இந்த ஊரில் சாதி முடிவு செய்தது. வர்க்கம் மட்டும் பேசுகிற தோழர்கள் அந்தக் கடைசி வளையம் வரை நடந்து வர வேண்டும்.

1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சிவகாசியில் தொடங்கிய வழக்கு அது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும். குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும். குற்றம் செய்தவன் பையிலிருந்து பாதிக்கப்பட்ட பிள்ளைக்குப் பணம் என்ற எண்ணம் இங்கே முதன்முறையாகத் தெளிவாக வந்தது. அதற்குப் பிறகும் 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. அடுத்த இரண்டு மூன்று வருடங்களுக்குள் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பெயரில் வேறெங்கும் நெய்து விற்கக் கூடாது என்று சேலைக்குப் பாதுகாப்பு. சேலைக்கு அடையாளச் சீட்டு சீக்கிரம் கிடைத்துவிட்டது.

தறிகளில் இன்று பிள்ளைகளை முன்போல் பார்க்க முடியாது. பள்ளிக்கூடமும் சத்துணவும் ஒரு காரணம், இயக்கங்களும் சோதனைகளும் ஒரு காரணம், கைத்தறியே தேய்ந்துவருவது இன்னொரு காரணம். அன்றைக்குத் தறியில் உட்கார்ந்து இன்றைக்கு ஐம்பதைத் தொட்டவர்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவர்கள் பெயரில் சான்று எழுதப்படவில்லை. ஆகவே சட்டத்தின் கணக்கில் அவர்கள் பாதிக்கப்படவே இல்லை.

இதற்கு வெளியே உலகத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குற்றவாளியைத் தண்டிப்பதோடு அரசின் வேலை முடிந்தது என்றிருந்த காலத்தில், நியூசிலாந்து 1963இல் வன்குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு அரசே இழப்பீடு தரச் சட்டம் செய்தது. 1985 நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பாதிக்கப்பட்டோர் பற்றிய பிரகடனத்தை ஏற்றது. நியாயமான நடத்தையும் நீதிக்கான வழியும், பறித்ததைத் திருப்பித் தருதல், இழப்பீடு, உதவி என்று நான்காக அது பிரித்தது. உதவி என்றால் மருத்துவம், மனநலம், சமூக ஆதரவு எல்லாம். தமிழ்நாட்டில் 1995இல் பாதிக்கப்பட்டோர் உதவி நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. குற்ற நடைமுறைச் சட்டத்தில் 357அ பிரிவு 2009இன் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்தது. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்கலாம் என்றது. அதன்படி தமிழ்நாட்டுத் திட்டம் 2013இல் வந்தது. 2024 ஜூலை முதல் அதே பிரிவு புதிய சட்டத்தில் 396ஆம் எண்ணாக இருக்கிறது. பெண்களுக்கென்று 1992இல் அனைத்து மகளிர் காவல் நிலையம், 2015இலிருந்து ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம், 181 என்ற தொலைபேசி எண். இவையெல்லாம் எல்லாருக்கும் பொது. பொது என்று சொல்லும்போதே நம் சனங்களுக்கு ஒரு தயக்கம் வருகிறது, பொதுக்கிணறு என்று சொன்னால் வருகிற தயக்கம்.

நமக்கென்று வந்தது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 1990 ஜனவரி 30இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு எவ்வளவு, எப்போது, யார் தருவது என்று சொல்லும் விதிகள் 1995 மார்ச் 31 அன்றுதான் வந்தன. நடுவில் ஐந்து வருடம் சட்டம் இருந்தது, நிவாரணம் இல்லை. அந்த ஐந்து வருடத்துக்குள்தான் நம் மாவட்டத்தில் காரணை நடந்தது. அப்போது இது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், தலைநகரம் காஞ்சிபுரம். பஞ்சமி நிலத்தை மீட்கிறோம் என்று காரணையில் இறங்கினார்கள் சனங்கள், அம்பேத்கர் சிலையை நட்டார்கள், சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள். டிரமென்ஹீர் குறிப்பு எழுதிய அதே ஜில்லா, அதே நிலம், நூறு வருடம் கழித்து. இங்கே ஒரு கேள்வி தொங்குகிறது. சுட்டது அரசு. நிவாரணம் தர வேண்டியதும் அரசு. பாதிக்கப்பட்டவர் என்று எழுதித் தர வேண்டியதும் அரசு. ஐ.நா. பிரகடனம் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் பாதிக்கப்பட்டோர் என்று தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறது. நம் சட்டங்களில் அந்தப் பகுதி மெலிந்துதான் கிடக்கிறது. வாச்சாத்திப் பெண்களைப் பாருங்கள். 1992 ஜூனில் நடந்த கொடுமை. 2011இல் 269 அரசு ஊழியர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023 செப்டம்பரில்தான் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, வன்புணரப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. பாதித் தொகையைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கச் சொன்னது. முப்பத்தோரு வருடம்.

1995 விதிகளுக்கு வருகிறேன். அதில் கொலைக்கும் வன்புணர்ச்சிக்கும் தீவைப்புக்கும் தொகை உண்டு என்பது பலருக்குத் தெரியும். கட்டாய உழைப்புக்கும் கொத்தடிமைத்தனத்துக்கும் தொகை உண்டு என்பது இயக்கத்துக்காரர்களுக்கே பலசமயம் தெரிவதில்லை. தலித்தையோ பழங்குடியையோ கொத்தடிமையாக வைப்பது வன்கொடுமை. 1995இல் அதற்குக் குறைந்தது 25,000 ரூபாய். முதல் தகவல் அறிக்கை போட்டதும் கால்பங்கு, மிச்சம் தண்டனைக்குப் பிறகு. அதே வருடம் கொத்தடிமைத் திட்டத்தில் 10,000. இரண்டும் வேறு வேறு சட்டம். ஒன்று ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக வரும், மற்றது வருவாய்த்துறை வழியாக. சேரிப் பையன் ஒருவனைத் தறியிலிருந்து மீட்டால் இரண்டுக்கும் மனுப் போட வேண்டும். ஆனால் தறிக்குச் சோதனைக்குப் போகிற தொழிலாளர் துறைக்காரர் சாதியைக் கேட்பதில்லை; வன்கொடுமை வழக்குப் பதிகிற போலீஸ்காரர் தறிக்குள் எட்டிப்பார்ப்பதில்லை. ஒரு துறை பிள்ளையைப் பார்த்தது, ஒரு துறை சாதியைப் பார்த்தது. இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதைப் பார்க்க ஒரு துறையும் இல்லை.

இந்த விதிகளைப் பணம் என்று மட்டும் சுருக்கிவிடக் கூடாது. சாட்சி சொல்லப் போகிறவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் பயணப்படி, அன்றைய கூலி, சாப்பாட்டுச் செலவு தர வேண்டும் (11ஆம் விதி). கொலையுண்டவர் குடும்பத்துக்கு ஓய்வூதியம், ஒருவருக்கு வேலை அல்லது நிலம் அல்லது வீடு, பிள்ளைகள் படிப்பு, மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, பாத்திரம். 2016இல் திருத்திய விதிகளில் கொலைக்கு 8,25,000 ரூபாய்; பாதி பிரேத பரிசோதனைக்குப் பிறகு, மீதி குற்றப்பத்திரிகை போனதும். தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று இங்கே மாற்றியிருக்கிறார்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிற 15அ பிரிவு இன்னும் பெரியது. தகவல் பெறும் உரிமை, பிணை விசாரணையில் பேசும் உரிமை, பாதுகாப்பு பெறும் உரிமை என்று ‘உரிமை’ என்ற சொல்லையே அது போட்டது. நலத்துறைக் காலத்திலிருந்து இந்தச் சொல்லுக்கு வந்து சேர ஏறக்குறைய நூறு வருடம் ஆகியிருக்கிறது.

ஆனால் அதே 2016இல் கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தைத் திருத்தியபோது வேறு விதமாகச் செய்தார்கள். தொகை பெரிதானது: ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் கொடுமை போன்றவற்றில் 3 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. முழுத்தொகையைக் குற்றவாளியின் தண்டனையோடு முடிச்சுப் போட்டார்கள். உடனடியாகக் கைக்கு வருவது 20,000 வரைதான். 2022இல் அதை 30,000 ஆக்கினார்கள். ஒரு பக்கம் வன்கொடுமை விதிகளில் முடிச்சை அவிழ்க்கிறார்கள், மறுபக்கம் கொத்தடிமைத் திட்டத்தில் புதிதாகப் போடுகிறார்கள். தண்டனை வாங்கித் தர வேண்டியது அரசு வக்கீல். அவர் தோற்றால் பட்டினி கிடப்பவன் தொழிலாளி. இது எந்த ஊர் நியாயம்?

2019 ஜூலையில் காஞ்சிபுரத்துக்கு அருகில் கோனேரிக்குப்பம் பகுதியிலும் அப்போதைய வேலூர் மாவட்டத்திலுமாக, மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். பெரும்பாலும் இருளர் குடும்பங்கள். சிறு கடனுக்காக வருடக்கணக்கில் கிடந்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுகிற படம் பத்திரிகைகளில் வந்தது. பலரும் நெகிழ்ந்தார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. சட்டம் வந்து நாற்பத்து மூன்று வருடம் கழித்து வந்த அதிகாரி அவர். அந்த அதிகாரியைக் குறை சொல்லவில்லை. வந்தவரை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் காலில் விழுந்த மனிதருக்குத் தனக்கு வரவேண்டியது என்னென்ன என்று ஒருவரும் முன்பே சொல்லியிருக்கவில்லை என்பதைத்தான் அந்தப் படம் காட்டுகிறது. சொல்லியிருந்தால் கையை நீட்டிச் சான்றை வாங்கியிருப்பார்.

‘பாதிக்கப்பட்டவர்’ என்கிற சொல்லே வேண்டாம், அது நம்மைப் பலியாடாகக் காட்டுகிறது என்று எழுத்தாள நண்பர்கள் சிலர் வாதம் செய்கிறார்கள். கவிதையில் வேண்டாம் என்றால் சரி. மனுவில் வேண்டும். அந்தச் சொல்லில்தான் சட்டம் காசு வைத்திருக்கிறது. நான் பலபேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘அய்யா அவர்கள் கருணை கூர்ந்து’ என்று எழுதினால்தான் வாங்குவோம் என்று ஒரு அலுவலகத்தில் சொன்னார்கள். பிரிவு எண்ணைப் போட்டு எழுதிக் கொடுத்தால் முகம் மாறுகிறது. மாறட்டும்.

தறியோ செங்கல் சூளையோ அரிசி ஆலையோ மரம் வெட்டுகிற இடமோ, மனு எழுதும்போது கடன் வாங்கிய தேதி, தொகை, கொடுத்தவர் பெயர், போகக் கூடாது என்று தடுத்த விதம், கொடுத்த கூலி, குறைந்தபட்சக் கூலிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் எல்லாவற்றையும் எழுதுங்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பதும் கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்திரம் இல்லை, சீட்டு இல்லை என்று சொன்னால் 15ஆம் பிரிவைக் காட்டுங்கள். சாதிச் சான்றை அன்றைக்கே இணைத்து, வன்கொடுமைச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதியச் சொல்லுங்கள். 1976 சட்டத்தின் 13ஆம் பிரிவு மாவட்டத்துக்கும் கோட்டத்துக்கும் கண்காணிப்புக் குழு வைக்கச் சொல்கிறது. அந்தக் குழுவில் அந்தப் பகுதியில் வசிக்கிற பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் மூன்று பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார், குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, அன்றைக்கு என்ன எழுதினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை போதும்.